புதையலும் கணக்கேடும்



சென்ற ஞாயிறு ஆர்ஜொந்தெயில் தமிழ்த் திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, இளையோர் மூவர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். அவர்களுள் ஒருவர், லாச்சப்பலில் முடிதிருத்தும் கடையில் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். பிரான்சின் தென்பகுதியில், மலையுச்சியிலுள்ள ஒரு சிற்றூரில், நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பங்குத்தந்தை ஒருவர் ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் மறையெழுத்துச் சுவடிகளைக் கண்டெடுத்தாராம். அவற்றின் பொருளை விடுவித்துப் பெரும்புதையலை அடைந்தாராம். திருச்சபை அதை மூடிமறைத்ததாம். மீதிப் பொன் இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறதாம். “சுவாமி, இது உண்மையா? கோடை விடுமுறையில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு போய்ப் பார்க்கலாமா?” என்று கேட்டனர்.

நான் மறுமொழி சொல்லுமுன், வயதான தாயொருவர் இடையில் வந்து ஒரு தாளை என் கையில் வைத்தார். அதில் பதினேழு பெயர்கள். போரில் இறந்தோரும் கடலில் மறைந்தோரும் எங்கே இறந்தார்கள் என்றே தெரியாதோரும் அதில் இருந்தனர். “இவர்கள் எல்லாருக்குமாக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கோ சுவாமி” என்று சொல்லி, நான்காக மடித்த பணத்தாள் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனார்.

இளையோரின் கேள்வியும் அந்தத் தாயின் தாளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றே அப்போது எண்ணினேன். வீடு திரும்பி, அந்தப் புதையலின் வரலாற்றை மீண்டும் ஒருமுறை படித்தபோதுதான், இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பது எனக்குப் புலனாயிற்று. ஆகவே அவ்விளையோருக்கு மட்டுமன்றி உங்கள் அனைவருக்குமாகவே இதை எழுதுகிறேன். சற்று நீளமானது, பொறுமையோடு வாசியுங்கள்.

அந்த ஊரின் பெயர் ரென் லெ ஷாத்தோ. கார்க்கசோன் நகருக்குத் தெற்கே, ஓத் மாவட்டத்தில், குன்றின்மேல் அமைந்த சிறிய கிராமம். அங்குள்ள ஆலயம் மகதலா மரியாவின் பெயரால் விளங்குவது. 1885-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அவ்வாலயத்துக்குப் பங்குத்தந்தையாக வந்தவர் பெராஞ்சே சோனியேர். அண்டை ஊரான மோந்தசெல்லில் 1852-இல் பிறந்தவர். அவர் வந்தபோது ஆலயம் பாழடைந்து கிடந்தது. அக்காலத்தில் அரசே குருக்களுக்கு ஊதியம் வழங்கியது. சிற்றூர்ப் பங்குத்தந்தைக்கு ஆண்டுக்கு 900 பிராங்கு. வந்த ஆண்டிலேயே தேர்தலை ஒட்டிக் குடியரசுக்கு எதிராக மறையுரை ஆற்றியதால், அந்த ஊதியமும் சில மாதங்கள் நிறுத்தப்பட்டது.

இப்படிப்பட்ட ஓர் ஏழைக் குருவானவர் அடுத்த இருபது ஆண்டுகளில் என்ன செய்தார் என்று பாருங்கள். ஆலயத்தைப் புதுப்பித்தார், புதிய பீடமும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் சுரூபங்களும் சிலுவைப்பாதை நிலைகளும் அமைத்தார். வாயிலருகே தீர்த்தத் தொட்டியைத் தாங்கி நிற்கும் பேயின் உருவம் ஒன்றையும் வைத்தார். இன்றும் சுற்றுலாப் பயணிகள் முதலில் படம்பிடிப்பது அதைத்தான். பின்னர் நிலங்களை வாங்கினார். அவை அவருடைய இல்லப் பணியாளர் மரி தெனார்னோவின் பெயரில் பதிவாயின. 1901 முதல் சில ஆண்டுகளில் பெத்தானியா என்னும் மாளிகையும், பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் மகதலா கோபுரமும், பூந்தோட்டமும் எழுந்தன. கோபுரத்தைத் தம் நூலகமாக அவர் பயன்படுத்தினார். தாம் செலவிட்டதாகப் பின்னர் அவரே ஒப்புக்கொண்ட தொகை 1,93,000 பிராங்குக்கு மேல்.

இங்கேதான் கேள்வி எழுகிறது: பணம் எங்கிருந்து வந்தது?

புதையல் என்போரின் வாதத்தை முதலில் நேர்மையாக எடுத்துரைக்கிறேன். ஒரு கருத்தை மறுப்பதற்குமுன் அதை அதன் முழு வலிமையோடு சொல்லுவதே அறம். சோனியேர் அடிகளாரின் நாட்குறிப்பில் 1891 செப்டெம்பரில் ஒரு கல்லறையைக் கண்டதாகக் குறிப்பு உள்ளது. அவர் இரவில் கல்லறைத் தோட்டத்தில் தோண்டுகிறார், எங்கள் முன்னோரின் கற்களைப் பெயர்க்கிறார் என்று ஊரார் 1895-இல் அரசு அதிகாரியிடம் முறையிட்டனர். அந்நாடு ஒருகாலத்தில் விசிகோத்தியர் ஆண்ட பகுதி; பழைய ஆலயத் தரைக்கடியில் சில நாணயங்களோ அணிகளோ அகப்படுவது நடவாத செயலன்று. அவருக்கும் ஏதோ சில அகப்பட்டிருக்கக்கூடும். இதை மறுக்க எவரிடமும் சான்று இல்லை. ஆயினும் கைப்பிடி நாணயங்கள் வேறு, மாளிகை கட்டும் பெரும்புதையல் வேறு. பின்னதற்குச் சான்றாகக் காட்டப்படுவன மறையெழுத்துச் சுவடிகளே. ஆகவே அவற்றை ஆராய்வோம்.

சுவடிகள் இரண்டு. இரண்டிலும் இருப்பது இலத்தீன் மொழியில் நற்செய்திப் பகுதிகள். சிறிய சுவடியில், ஓய்வு நாளில் சீடர்கள் கதிர் கொய்த நிகழ்ச்சி. அதில் சில எழுத்துகள் மட்டும் வரிக்குச் சற்று மேலே தூக்கி எழுதப்பட்டுள்ளன. அவற்றைக் கோத்துப் படித்தால் பிரெஞ்சு வாக்கியம் ஒன்று கிடைக்கிறது: புதையல் இரண்டாம் தகோபேர் அரசனுக்கும் சீயோனுக்கும் உரியது என்பது அதன் பொருள். இதைக் கண்டுபிடிக்கப் பள்ளி மாணவர் ஒருவருக்கு அரைமணி நேரம் போதும்.

பெரிய சுவடி அப்படிப்பட்டதன்று. அதில் இருப்பது பெத்தானியாவில் மரியா ஆண்டவரின் பாதங்களில் தைலம் பூசிய நிகழ்ச்சி. இலத்தீன் வாசகத்தினூடே தேவையற்ற 140 எழுத்துகள் செருகப்பட்டுள்ளன. அவற்றுள் நடுவிலுள்ள 12 எழுத்துகளை விலக்கினால் 128 எஞ்சும். அவற்றைப் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த விஜெனேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்கும் முறைப்படி மாற்ற வேண்டும். அம்முறை எளியது: அ என்பதற்குப் பதிலாக இரண்டு எழுத்துத் தள்ளி இ என்று எழுதினால், படிப்பவருக்கு எத்தனை எழுத்துத் தள்ளினோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த எண்ணிக்கையை எழுத்துக்கு எழுத்து மாற்றிக்கொண்டே போகச் சொல்வது ஒரு திறவுச்சொல். இங்கே திறவுச்சொல், சாவையும் வாளையும் குறிக்கும் இரு பிரெஞ்சுச் சொற்களின் சேர்க்கை. அது முடிந்தபின், அவ்வூர்க் கல்லறைக் கல் ஒன்றில் பொறித்ததாகச் சொல்லப்படும் எழுத்துகளை இரண்டாம் திறவாகக் கொண்டு மீண்டும் தள்ள வேண்டும். பிறகு, 64 கட்டங்கள் கொண்ட இரண்டு சதுரங்கப் பலகைகளில் 128 எழுத்துகளையும் நிரப்பி, குதிரை தாவும் வழியில் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் ஓர் இடையர் குலப் பெண்ணையும், புசேன் என்ற ஓவியரையும், நண்பகலில் நீல ஆப்பிள்களையும் பற்றிய ஒரு பிதற்றல் வாக்கியம் கிடைக்கும். புசேனின் இடையர் ஓவியம் நம் பாரிசு நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்தில்தான் தொங்குகிறது. புதையல் தேடுவோர் அதன்முன் மணிக்கணக்கில் நிற்பதுண்டு.

இத்தகைய எழுத்து விளையாட்டு தமிழராகிய நமக்குப் புதியதன்று. தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளை வரிசைப்படுத்துகிறது. நாகபந்தம், மாலைமாற்று, சுழிகுளம் என்பவற்றோடு கரந்துறைச் செய்யுள் என்பதும் அங்கே உண்டு: ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்து உறைவது. நம் புலவர்கள் அதைச் செய்தபோது, இதனுள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்று முன்னரே அறிவித்துவிட்டுத்தான் செய்தார்கள். வியப்பூட்டுவது நோக்கம், ஏமாற்றுவது நோக்கமன்று. ஒளித்தவர் யாரென்பதும் ஊருக்குத் தெரியும்.

ரென் லெ ஷாத்தோ சுவடிகளை ஒளித்தவர் யார்? புரட்சிக்கு முன் அவ்வூரில் பங்குத்தந்தையாக இருந்தவர் எழுதி ஒளித்தார், சோனியேர் கண்டெடுத்தார் என்பது கதை. சான்றுகள் சொல்வதோ வேறு.

முதலாவது, இச்சுவடிகளை அக்காலத்தில் எவரும் கண்டதற்குச் சான்றில்லை. சோனியேர் தம் வாழ்நாளில் அவற்றைப் பற்றிப் பேசியதாக எந்த ஆவணமும் இல்லை. அவை உலகத்தின் பார்வைக்கு வந்தது 1967-இல், ஜெரார் து சேத் என்பவர் வெளியிட்ட நூலின் பக்கங்களில். அதற்குமுன் அவை இருந்த தடமே இல்லை.

இரண்டாவது, சுவடியின் இலத்தீன் வாசகத்தை ஆய்வாளர்கள் ஒப்புநோக்கினர். பெரிய சுவடியின் நற்செய்தி வாசகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட ஓர் ஆய்வுப் பதிப்போடு ஒத்துப்போகிறது. புரட்சிக்கு முன் வாழ்ந்த குருவானவர், தாம் இறந்து நூறாண்டு கழித்து அச்சான நூலைப் பார்த்து எப்படிப் படியெடுத்திருக்க முடியும்?

மூன்றாவது, அந்த நீண்ட வாக்கியத்தின் எழுத்துகள் இரண்டாம் திறவின் எழுத்துகளையே கலைத்து அடுக்கியவை. அதாவது, விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடந்து புதிரைக் கட்டியிருக்கிறார்கள். விடையை அறியாதவர் அதை அவிழ்க்க வழியில்லை. விடை வெளிவந்ததும் புதிரை வெளியிட்டவர்களிடமிருந்தேதான்.

நான்காவது, செய்தவரே ஒப்புக்கொண்டார். பிலிப் து ஷெரிசே என்னும் நடிகரும் எழுத்தாளருமானவர், சுவடிகளைத் தாமே உருவாக்கியதாகப் பின்னர் அறிவித்தார். அவருடைய நண்பர் பியேர் பிளான்தார். இவர் 1956-இல், சுவிட்சர்லாந்து எல்லையோரத்தில் ‘சீயோன் மடம்’ என்ற பெயரில் ஒரு சிறு சங்கத்தைப் பதிவு செய்தவர். சீயோன் என்பது எருசலேமைக் குறித்த பெயரன்று. அருகிலிருந்த ஒரு மலையின் பெயர். பின்னாளில் அச்சங்கம் சிலுவைப் போர்க் காலத்திலேயே தோன்றியதாகக் காட்டும் போலி வமிச வரிசைகளைத் தட்டச்சு செய்து, 1967-இல் பாரிசு தேசிய நூலகத்தில் சேர்ப்பித்தார்கள். நூலகத்தில் இருப்பதால் உண்மையாகத்தான் இருக்கும் என்று உலகம் நம்பிவிட்டது. நூலகம் எதையும் வாங்கி வைக்கும், அன்பர்களே. வைத்திருப்பதற்கெல்லாம் அது சாட்சி சொல்வதில்லை. 1993-இல் வேறொரு வழக்கில் விசாரணை நீதிபதி ஒருவர் பிளான்தாரைக் கேள்வி கேட்டபோது, யாவும் புனைவே என்று அவர் ஒப்புக்கொண்டார். பத்தாண்டுகள் கழித்து, 2003-இல் வெளிவந்த அமெரிக்கப் புதினம் ஒன்று அதே சங்கத்தை உண்மையென முன்னுரையில் அறிவித்து, கோடிக்கணக்கில் விற்றது. அதில் கொலையுண்ட லூவ்ர் காப்பாளருக்கு ஆசிரியர் இட்ட பெயர் சோனியேர். நம் பிள்ளைகள் பார்த்த காணொளி அந்த ஆற்றின் ஒரு கிளையே.

அப்படியானால் புதையல் கதை எங்கே தொடங்கிற்று? ஓர் உணவு விடுதியில். சோனியேர் 1917 சனவரி 22-இல் இறந்தார். சொத்துகளின் உரிமையாளரான மரி தெனார்னோ 1946-இல் அவற்றை நோவேல் கொர்புய் என்ற வணிகருக்கு விற்று, 1953-இல் மறைந்தார். கொர்புய் மாளிகையை விடுதியாக்கினார். மலையுச்சியிலுள்ள ஊருக்கு விருந்தினர் எளிதில் வருவார்களா? 1956 சனவரியில் ‘லா தெப்பேஷ் து மிதி’ நாளிதழ், கோடீசுவரப் பங்குத்தந்தை பற்றிக் கொர்புய் சொன்ன கதையை மூன்று நாள் வெளியிட்டது. அப்போது அது பதின்மூன்றாம் நூற்றாண்டு அரசி காஸ்தில் பிளான்ஷின் பொன், 2,85,00,000 பொற்காசுகள். பிறகு வந்த நூல்களில் அதுவே கத்தாரிகளின் செல்வமாயிற்று. அடுத்து ஆலய வீரர்களின் செல்வமாயிற்று. அதற்கடுத்து எருசலேம் தேவாலயத்தின் பொருளாயிற்று. புத்தகத்துக்குப் புத்தகம் உரிமையாளர் மாறும் புதையல் எத்தகைய புதையல் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

ஆனால் மண்வெட்டிகள் உண்மையாகவே வந்தன; வெடிமருந்தும் வந்தது. 1965-இல் ஊராட்சி தோண்டுவதைத் தடை செய்து ஊர் வாயிலிலேயே பலகை வைத்தது. 2004-இல் சோனியேரின் உடலெச்சங்களைக் கல்லறைத் தோட்டத்திலிருந்து எடுத்து, அவர் கட்டிய வளாகத்துக்குள்ளேயே பாதுகாப்பாக அடக்கம் செய்ய நேர்ந்தது. இறந்தோரின் இளைப்பாற்றிக்காகச் செபிக்கக் கடமைப்பட்ட ஒருவருக்கு இளைப்பாற இடமில்லாமற் போயிற்று.

இனி முதற்கேள்விக்கு வருவோம். மறையெழுத்து போலி, பெரும்புதையல் விடுதிக்காரரின் கதை. பணமோ உண்மை, கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. பணம் எங்கிருந்து வந்தது?

இதற்கான விடை மறையெழுத்தில் இல்லை. தெளிவான கையெழுத்தில் உள்ளது. சோனியேர் பூசைக் கணக்கேடுகளையும் தாம் அனுப்பிய, தமக்கு வந்த கடிதங்களின் பதிவேடுகளையும் எழுதி வைத்தார். அவை அழியவில்லை. 1990-இல் ழான் ழாக் பெதுய் என்ற ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பிரான்சின் பல மறைமாவட்டங்களிலிருந்தும் துறவற இல்லங்களிலிருந்தும் தனிமனிதர்களிடமிருந்தும் பூசைக் காணிக்கைகள் அம்மலையுச்சிக்கு வந்துகொண்டே இருந்தன. அவரே கடிதம் எழுதியும் கேட்டு வாங்கினார். ஒரு பூசைக்கு ஒரு பிராங்கு, ஒன்றரை பிராங்கு. ஒரு குரு ஓர் ஆண்டில் இயல்பாக நிறைவேற்றக்கூடியவை 365. அவர் பெற்றவையோ சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1885 முதல் 1909 வரை 24 ஆண்டுகள். நாளுக்கு ஒரு பூசை வீதம் 8,760. ஒன்றரை பிராங்கு வீதம் 13,140 பிராங்கு. அரசு ஊதியத்தை இருபது ஆண்டுகளுக்குச் சேர்த்தாலும் 18,000. இரண்டும் கூடி 31,140. அவர் செலவிட்டதாகச் சொன்னதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியது முழுவதும் பூசைப் பணமே என்று நான் சொல்லவில்லை. அரசாட்சியை விரும்பிய செல்வந்தர் சிலரின் கொடைகளும் அதில் உண்டு. எனினும் அந்தக் கொடைகளைத் தேடப் புறப்பட்டால் மௌனம்தான் கிடைக்கிறது. பூசைகளைத் தேடப் புறப்பட்டால் பக்கம் பக்கமாகக் கணக்கு கிடைக்கிறது.

உரோமை மறைத்தது என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கேயே மறுமொழி உண்டு. பூசைக் காணிக்கை வணிகமாவதைக் கண்டு உரோமை 1904-இல் விதிகளைக் கடுமையாக்கியது. கார்க்கசோனின் புதிய ஆயர் பொசெழூர் ஆண்டகை, 1909-இல் சோனியேரை வேறு பங்குக்கு மாற்றினார். அவர் போக மறுத்தார். 1910-இல் மறைமாவட்ட நீதிமன்றம் அவரை விசாரித்தது. பூசை வாணிபம், கீழ்ப்படியாமை, அளவு மீறிய செலவு என்பன குற்றச்சாட்டுகள். கணக்குக் கேட்டார்கள், செலவில் பெரும்பகுதிக்கு அவரால் சீட்டுக் காட்ட இயலவில்லை. கொடுத்தவர் பெயரை வெளியிட முடியாது என்றார். 1911-இல் அவருடைய குருத்துவப் பணிகள் தடைசெய்யப்பட்டன. கடைசி ஆண்டுகளில் அவர் கடன் தேடி அலைந்தார். புதையலின் சாவியைக் கையில் வைத்திருப்பவர் வங்கி வாசலில் நிற்பாரா? திருச்சபை இவ்விடயத்தை மறைக்கவில்லை. வெளிப்படையாக விசாரித்துத் தீர்ப்பெழுதியது. அத்தீர்ப்பு படிப்பதற்குச் சுவையற்றது. அதனால்தான் அதைக் காணொளியாக்க எவரும் முன்வருவதில்லை.

அன்பர்களே, அந்த ஒன்றரை பிராங்குகளை அனுப்பியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்தவள், குழந்தையைப் பறிகொடுத்தவள், தன் தந்தைக்கு இறுதி நேரத்தில் அருகிருக்க முடியாமற் போன மகன். அவர்கள் ஒரு பெயரைத் தாளில் எழுதி, ஒரு நாணயத்தோடு, முன்பின் அறியாத ஒரு குருவானவரை நம்பி அனுப்பினார்கள். அப்பெயர்களுள் எத்தனை பீடத்தின்மேல் உச்சரிக்கப்பட்டன? எத்தனை கோபுரக் கல்லாயின? ரென் லெ ஷாத்தோவில் புதைந்து கிடப்பது அப்பெயர்களே. மண்வெட்டியோடு போகும் எவரும் அவற்றைத் தேடிப் போகவில்லை. நான் ஒரு குரு; ஆகையால் இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. அந்தத் தாயின் பதினேழு பெயர்கள் அப்போது என் மேசைமீதுதான் இருந்தன.

இங்கே உங்களுள் ஒருவர் என்னைக் கேட்கலாம்: “சுவாமி, அவ்வூர்ச் சுவடிகளை இப்படிச் சல்லடை போட்டுச் சலிக்கிறீர்கள், நம் ஆர்ஜொந்தெய்த் திருவுடையை மட்டும் கேள்வியின்றி நம்பச் சொல்வீர்களா?” நியாயமான கேள்வி. தராசு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆகவே அதையும் அதே தட்டில் வைப்போம்.

புனித தெனி பேராலயத்தில் நாம் வணங்கும் ஆடை, ஆண்டவர் பாடுகளின்போது அணிந்திருந்தது என்பது மரபு. பேரரசர் சார்லமாஞ், இங்கிருந்த மடத்தின் தலைவியான தம் மகள் தெயோத்ராதிடம் அதை ஒப்படைத்தார் என்றும் அம்மரபு கூறும். ஆவணமோ 1156-இல்தான் தொடங்குகிறது. ரூவான் பேராயர் ஊக் அவ்வாண்டில் அதை மக்களுக்கு வெளிப்படையாகக் காட்டியதைச் சான்றளித்துள்ளார். 2004-இலும் அதையடுத்தும் செய்த கரிமக் காலக்கணிப்புகள் ஆறாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சுட்டின. நூற்றாண்டுகளாகக் கைபட்டும் மண்பட்டும் போன துணியில் அக்கணிப்பு எவ்வளவு பொருந்தும் என்று விவாதிப்போரும் உள்ளனர். இந்த முடிவுகளைத் திருச்சபை மறைக்கவில்லை. இவ்வாடையின் தொன்மையை விசுவாசக் கட்டளையாக உங்கள்மீது சுமத்தவும் இல்லை. ஆண்டவரின் பாடுகளை நினைவூட்டும் அடையாளமாக வணங்க அழைக்கிறது, அவ்வளவே. 2016-இலும் 2025-இலும் அது வெளிப்படையாக வைக்கப்பட்டபோது, நம்மவர் பலரும் வரிசையில் நின்றீர்கள்.

ஆயினும் இந்த ஆடையைப் பற்றிய ஒரு செய்தியில் ஐயத்துக்கு இடமில்லை: இது ஒருகாலத்தில் புதையலாகவே இருந்தது. 1793-இல், புரட்சியின் கொடுமை உச்சத்தில் இருந்தபோது, ஆலயப் பொருள்கள் பறிக்கப்பட்டன, திருப்பண்டங்கள் எரிக்கப்பட்டன. இவ்வூர்ப் பங்குத்தந்தை ஒசே அடிகளார் திருவுடையைத் துண்டுகளாக வெட்டி, பெரும்பகுதியைத் தம் இல்லத்துத் தோட்டத்தில் புதைத்தார். எந்த மறையெழுத்தும் எழுதவில்லை. பின்னர் சிறைப்பட்டார். 1795-இல் விடுதலையாகி வந்து தோண்டி எடுத்து, அதைத் திரும்பவும் மக்களிடமே கொடுத்தார். துண்டுகள் யாவும் மீளவில்லை. அதனால்தான் இன்று நாம் காணும் ஆடையில் அத்தனை தையல்களும் இடைவெளிகளும்.

இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு விளக்கவுரை தேவையில்லை. 1995-இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் புறப்பட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். வளவின் மூலையில் தாலிக்கொடியையும் காணி உறுதியையும் பால்மாத் தகரத்துக்குள் வைத்துப் புதைத்துவிட்டு நடந்ததைச் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். திரும்பிப் போய் எடுத்தவர்களும் உண்டு. வளவையே அடையாளம் காண முடியாமல் திரும்பியவர்களும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மாந்தையிலிருந்து அன்னையின் சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய்க் காத்த நம் முன்னோரும் இதையே செய்தார்கள். காப்பதற்காக மறைத்தார்கள், காலம் வந்ததும் வெளியே எடுத்தார்கள்.

ஆகவே, இரு குருக்களை உங்கள்முன் நிறுத்துகிறேன். ஒருவர் மக்களின் உடைமையைத் தம் தோட்டத்தில் ஒளித்து, உயிர் பிழைத்து வந்ததும் மக்களிடமே கொடுத்தார். மற்றவர் மக்களின் காணிக்கையை வாங்கித் தம் தோட்டத்தை அழகுபடுத்தினார். கணக்குக் கேட்டபோது மௌனமானார். முதலாமவரைப் பற்றி உலகம் அறியாது. இரண்டாமவரின் ஊருக்கு இன்றும் பேருந்துகள் போகின்றன. எதை நம்புவது என்று தடுமாறும்போதெல்லாம் ஒளித்தவர் யார், அதனால் யாருக்கு ஆதாயம், கணக்கேடு எங்கே என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பண்டைய சுவடிக்கும் இவை பொருந்தும். ஆறு மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று உங்கள் கைப்பேசிக்கு வரும் செய்திக்கும் பொருந்தும். பங்குத்தந்தையாகிய எனக்கும் பொருந்தும்.

ஆம், எனக்கும். திருச்சபைச் சட்டத்தின் 947-ஆம் விதி, பூசைக் காணிக்கையில் வாணிபத்தின் சாயல்கூடப் படக்கூடாது என்கிறது. ஓராண்டுக்குள் தான் நிறைவேற்றக்கூடிய அளவுக்கு மேல் ஒரு குரு ஏற்கலாகாது என்பது 953-ஆம் விதி. ஏற்றவற்றையும் நிறைவேற்றியவற்றையும் தனியேட்டில் பதிய வேண்டும் என்பது 958-ஆம் விதி. இவ்விதிகள் வானத்திலிருந்து விழவில்லை. சோனியேர் போன்றோரால் ஏமாந்த எளியவர்களின் கண்ணீர் அவற்றின் பின்னால் உள்ளது. நீங்கள் ஒப்புக்கொடுத்த பூசை எந்நாளில் நிறைவேறியது என்று எக்குருவிடமும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்பது அவமரியாதை என்று தயங்காதீர்கள்.

இளையோருக்கு ஒரு சொல். இந்நாட்டில் தொல்பொருள் தேடுவதற்கு உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைப் பயன்படுத்த 1989 முதல் அரசின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அந்தக் கருவியின் விலையைச் சேமித்து வையுங்கள். அடுத்த ஞாயிறு சற்று முன்னதாக வாருங்கள். பேராலயத்தில் திருவுடைப் பேழைக்கு முன் உங்களை அழைத்துச் சென்று ஒசே அடிகளாரின் கதையை முழுவதும் சொல்கிறேன். கேள்விகளோடு வாருங்கள்; கேள்வி கேட்கும் விசுவாசத்தையே நான் விரும்புகிறேன்.

அந்தத் தாய்க்கும் ஒரு சொல். அம்மா, நீங்கள் தந்த பதினேழு பெயர்களும் ஏட்டில் ஏறிவிட்டன. வரும் வெள்ளிக்கிழமை மாலைத் திருப்பலியில் ஒவ்வொன்றாக, பிழையின்றி வாசிப்பேன். ஒன்பதாவது பெயரின் எழுத்து சற்று அழிந்திருக்கிறது. திருப்பலிக்கு முன் வந்து அதை எனக்குச் சொல்லித் தாருங்கள்.

இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

என்றும் உங்கள் பணியில்,
உங்கள் ஆன்ம குரு